யூஎஸ்பி சீரியல் இணைப்பு அடிக்கடி அறுந்தால் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி

யூஎஸ்பி கேபிள் மூலம் கணினியோடு பேசும் சீரியல் சாதனங்கள் (தரவை ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்புபவை) பல வகை. ஆர்டுயினோ போன்ற நுண்கட்டுப்படுத்திப் பலகைகள், ஜிபிஎஸ் கருவிகள், மின்னணுத் தராசுகள், நெடுந்தூரச் சீரியல் கம்பிகளுக்கான ஆர்எஸ்-485 மாற்றிகள், ஆய்வகக் கருவிகள் என எதுவாக இருந்தாலும், இணைப்பு முழுதாகச் செத்துப்போனால் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. மூன்று மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு ஒரு நொடி அறுந்து, கழற்றிச் செருகியதும் ஒன்றுமே நடக்காததுபோல மீண்டும் ஓடும் இணைப்புதான் ஆளை அலைக்கழிக்கும். இத்தகைய பழுதில் பெரும்பாலோர் முதலில் செய்வது டிரைவரை (சாதனத்தை இயக்க இயங்குதளத்துக்கு உதவும் மென்பொருளை) நீக்கி மீண்டும் நிறுவுவது. அந்த வேலையின்போது சாதனத்தைக் கழற்றிச் செருகுகிறோம், கணினியை மறுபடி தொடங்குகிறோம்; அதனால் பழுது தற்காலிகமாக ஓய்கிறது; டிரைவர்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். மறுநாள் பழுது திரும்பி வருகிறது. ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்: இணைப்பு நின்ற அந்த நொடியில் சாதனம் கணினியின் கண்ணிலிருந்து மறைந்துபோனதா, அல்லது இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு பேச்சை மட்டும் நிறுத்தியதா?

மறைந்துபோயிருந்தால் கேபிள், மின்சாரம், மின்காந்த இரைச்சல், மின்சேமிப்பு அமைப்பு ஆகிய நான்கில் ஒன்றின்மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும். பேச்சு மட்டும் நின்றிருந்தால் வேகப் பொருத்தம், குறுக்கே புகும் வேறொரு மென்பொருள், டிரைவர், சாதனத்தின் உள்ளே ஓடும் நிரல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தெரியும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. சாதனம் அரை நொடி மறைந்து திரும்பி வந்தாலும், உங்கள் மென்பொருள் பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டிருப்பதால் அதற்கு எதுவும் கேட்காது. திரையில் தரவு நின்றிருக்கும், ஆனால் சாதனம் பட்டியலில் இருக்கும். லினக்ஸில் இதற்கு ஓர் அடையாளம் உண்டு. பழைய போர்ட்டை (சாதனத்தோடு பேசும் வாயிலை) மென்பொருள் இன்னும் மூடாமல் இருப்பதால், டிடிஒய்-யூஎஸ்பி-0 என்ற பெயரில் இருந்த சாதனம் டிடிஒய்-யூஎஸ்பி-1 என்ற பெயரில் திரும்பி வந்திருக்கும். அப்படி இருந்தால், இடையில் ஒருமுறை அது போய்வந்தது என்பதில் ஐயமே வேண்டாம்.

பதிவைப் படிப்பது

லினக்ஸில், இயங்குதளத்தின் மையமான கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளையைத் தொடர்ந்து காட்டும் விருப்பத்தோடும் மணி நேரத்தைக் காட்டும் விருப்பத்தோடும் ஒரு சாளரத்தில் ஓடவிட்டு, வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்தால் சாதனம் மறையும்போது பட்டியல் தானாகப் புதுப்பிக்கப்படும். ஆனால் நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இருக்கும் போர்ட்டுகளின் பட்டியலை நொடிக்கு ஒருமுறை நேரத்தோடு கோப்பில் எழுதும் பத்து வரி நிரல் ஒன்றை ஓடவிடுவது இதைவிட நல்லது. அது எந்த இயங்குதளத்திலும் வேலை செய்யும்.

லினக்ஸ் பதிவில் சாதன எண்ணைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறை சாதனம் புதிதாக அடையாளம் காணப்படும்போதும் கர்னல் அதற்கு அடுத்த எண்ணைக் கொடுக்கிறது. காலையில் 7 என்றிருந்த எண் மாலையில் 31 ஆகியிருந்தால், அதே பஸ்ஸில் (யூஎஸ்பி தடத்தில்) வேறு எதையும் செருகாத பட்சத்தில், அந்தச் சாதனம் 24 முறை அறுந்து ஒட்டியிருக்கிறது. மென்பொருள் தானாக மறுஇணைப்பு செய்துகொள்வதால், பயனர் இரண்டு மூன்று முறைதான் நின்றது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

பிழை எண்களும் பேசும். -71 என்பது நெறிமுறைப் பிழை. கேபிளில் போன சமிக்ஞை சிதைந்து வந்தது என்பது அதன் பொருள், எனவே கேபிள், இரைச்சல், மின்னழுத்தக் குறைவு ஆகியவற்றை நோக்கி அது விரல் நீட்டுகிறது. -110 என்பது காலக்கெடு முடிந்தும் பதில் வரவில்லை என்பது. சாதனம் உறைந்துபோயிருக்கலாம் அல்லது மின்சாரம் போதாமல் கிடக்கலாம். -32 என்றால் சாதனம் அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தது என்று பொருள், இதற்குக் கேபிளைக் குறை சொல்வது பெரும்பாலும் வீண். போர்ட்டை ஹப் (ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பகுதி) முடக்கிவிட்டது என்று சொல்லும் வரியில் ஈஎம்ஐ என்ற எழுத்துகளும் ஒரு கேள்விக்குறியும் இருந்தால், மின்காந்த இரைச்சலாக இருக்கலாமோ என்று கர்னலே ஐயப்படுகிறது. ஓவர்-கரண்ட் என்ற சொல் வந்தால் அளவுக்கு மீறிய மின்னோட்டம் இழுக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எண்களைவிட முக்கியமானது நேரம். அறுந்த ஒவ்வொரு கணத்துக்கும் எதிரில், அப்போது அறையில் வேறு என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள். ஒருமுறை வெப்பநிலையைப் பதிவுசெய்யும் பலகை ஒன்று நாளுக்கு ஏழெட்டு முறை அறுந்துகொண்டிருந்தது. கேபிளை மாற்றினேன், கணினியையே மாற்றினேன், தீரவில்லை. பிறகு அறுந்த நேரங்களை வரிசையாக எழுதியபோது, ஒவ்வொன்றும் அதே பலகை சூடாக்கியை நிறுத்துவதற்கு ரிலேயைத் திறந்த நொடியோடு ஒத்துப்போனது. ரிலே மூடும்போது ஒன்றும் ஆகவில்லை; திறக்கும்போது மட்டும்தான். அந்த ரிலே இயக்கிய காண்டாக்டரின் (பெரிய மின்சுமையை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சின்) சுருளில் தேங்கியிருந்த ஆற்றல் பொறியாக வெடித்து, அருகிலேயே ஒட்டி ஓடிய யூஎஸ்பி கேபிளுக்குள் புகுந்திருக்கிறது. அந்தப் பட்டியலை முதல் நாளே எழுதியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

கேபிளும் மின்சாரமும்

கேபிள் என்பது சந்தேகப் பட்டியலில் முதலில் வர வேண்டியது, ஏனென்றால் அதுதான் அதிகம் பழுதாகிறது, மாற்றிப் பார்ப்பதும் எளிது. சில கேபிள்களில் மின்சாரக் கம்பிகள் இரண்டு மட்டும் இருக்கும், தரவுக் கம்பிகள் இருக்கவே இருக்காது. அவை சார்ஜ் செய்ய மட்டும் உதவும். அத்தகைய கேபிளில் சாதனத்தின் விளக்கு எரியும், ஆனால் பட்டியலில் ஒருபோதும் வராது. விட்டுவிட்டு அறுக்கும் கேபிள் வேறு வகை. செருகிக்கு அருகில், வளைந்து வளைந்து களைத்த இடத்தில் கம்பி உள்ளுக்குள் முறிந்திருக்கும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது செருகிக்கு இரண்டு விரல் தள்ளிப் பிடித்து மெதுவாக நான்கு பக்கமும் வளைத்துப் பாருங்கள். அப்போது துண்டிப்பு வரி தோன்றினால் வேறு எதையும் தேட வேண்டாம்.

டைப்-சி பலகைகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில், பலகையின் சிசி முனைகளில் (இணைப்பைக் கணினி உணரும் முனைகளில்) 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இருந்தால்தான் கணினி மின்சாரமே தரும். மலிவான சில பலகைகளில் அந்த மின்தடைகளை விட்டுவிடுகிறார்கள். டைப்-ஏ முனையிலிருந்து டைப்-சி முனைக்குப் போகும் கேபிளில் அதே பலகை நன்றாக வேலை செய்வதைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

வெளியே முறிவு எதுவும் இல்லாத புதுக் கேபிளும் குற்றவாளியாக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெல்லிய 28 ஏடபிள்யூஜி (கம்பித் தடிமனின் அளவு; எண் குறைந்தால் கம்பி தடிக்கும்) கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். 2 மீட்டர் கேபிளில் மின்னோட்டம் போகவும் வரவும் வேண்டியிருப்பதால் 4 மீட்டர் கம்பி, அதாவது 0.85 ஓம். சாதனம் 500 மில்லி ஆம்பியர் இழுத்தால் கேபிளிலேயே 0.43 வோல்ட் இழக்கப்படும். மின்சாரக் கம்பிகள் 24 ஏடபிள்யூஜி ஆக இருந்தால் அதே நீளத்தில் இழப்பு 0.17 வோல்ட்தான். கணினியின் போர்ட்டில் 4.8 வோல்ட் இருந்தால், மெல்லிய கேபிளின் மறுமுனைக்கு 4.37 வோல்ட் மட்டுமே வந்து சேர்கிறது. பலகையில் 3.3 வோல்ட் தரும் ஏஎம்எஸ்1117 வகை மின்னழுத்த ஒழுங்குபடுத்தி இருந்தால், சுமை கூடும்போது அதற்குத் தன் வெளியீட்டைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக உள்ளீடு தேவை; 4.37 வோல்ட்டில் அது தடுமாறத் தொடங்கும். சும்மா இருக்கும்போது ஓடும் பலகை, வைஃபை அலைவரிசையில் அனுப்பத் தொடங்கும் கணத்தில் விழுவதற்கு இதுவே காரணம். வைஃபை வசதி கொண்ட இஎஸ்பி32 பலகைகளில் அந்தக் கணத்தின் உச்ச மின்னோட்டம் சில நூறு மில்லி ஆம்பியர் வரை எகிறும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சில்லு தனியாக இருக்கும் பலகையில், முதன்மைச் சில்லு மின்சாரக் குறைவால் மீண்டும் தொடங்கினாலும் மாற்றிச் சில்லு உயிரோடு இருக்கும். போர்ட் மறையாது, தொடக்கச் செய்திகள் மட்டும் திரும்பத் திரும்ப வரும். இஎஸ்பி32-எஸ்3, ஏடிமெகா32யூ4 போலத் தன்னுள்ளேயே யூஎஸ்பி உள்ள சில்லுகளை நேரடியாக இணைத்தால், மறுதொடக்கத்தின்போது போர்ட்டே மறைந்துவிடும். அதாவது ஒரே நோய் இரண்டு பலகைகளில் இரண்டு விதமாகத் தெரியும்.

யூஎஸ்பி 2.0 விவரக்குறிப்பின்படி கணினியின் போர்ட்டில் குறைந்தது 4.75 வோல்ட் இருக்க வேண்டும்; தனி மின்சாரம் இல்லாத ஹப்பின் போர்ட்டில் 4.4 வரை இறங்கலாம். அப்படிப்பட்ட ஹப் தன் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100 மில்லி ஆம்பியர்தான் உறுதியளிக்கிறது, கணினியின் போர்ட்டோ யூஎஸ்பி 2.0-இல் 500, யூஎஸ்பி 3.0-இல் 900 மில்லி ஆம்பியர் தர வேண்டும். மின்னழுத்தத்தைச் சாதனத்தின் முனையில், சாதனம் முழுச் சுமையில் இருக்கும்போது அளக்க வேண்டும். கணினியின் முனையில் அளப்பதால் பயனில்லை. மல்டிமீட்டர் மில்லி விநாடிச் சரிவுகளைக் காட்டாது என்பதால், அது 4.9 என்று காட்டினாலும் மின்சாரத்தைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடாதீர்கள். அலைமானி (மின்னழுத்த மாற்றத்தை வரைபடமாகக் காட்டும் கருவி) இல்லாதவர்கள், சுவர் மின்சாரத்தோடு வரும் ஹப் ஒன்றை இடையில் வைத்துச் சோதிப்பது எளிய வழி. யூஎஸ்பியின் 5 வோல்ட் கம்பியோடு வெளியிலிருந்து இன்னொரு 5 வோல்ட்டை நேரடியாக இணைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது கணினியின் போர்ட்டுக்குள் பின்னோக்கிப் பாய்ந்து கேடு செய்யலாம்.

மேசைக் கணினியாக இருந்தால் முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கப் போர்ட்டுக்கு மாறுங்கள். முன்பக்கப் போர்ட் மதர்போர்டிலிருந்து ஓர் உள்கேபிள் வழியாக வருகிறது, அங்கே இழப்பும் இரைச்சலும் கூடும்.

இரைச்சல்

மோட்டார், ரிலே, காண்டாக்டர், மோட்டார் வேகக் கட்டுப்படுத்தி ஆகியவற்றின் அருகில் யூஎஸ்பி கேபிளை நீளமாக ஓட்டுவது தொல்லையை வரவழைப்பதற்குச் சமம். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர் என்ற வரம்பு அமைதியான சூழலுக்கானது. இரைச்சல் உள்ள இடத்தில் 1 மீட்டருக்குள் முடித்துக்கொள்வது நல்லது. தூரம் தேவைப்பட்டால் யூஎஸ்பியை நீட்ட வேண்டாம், சீரியல் பக்கத்தை நீட்டுங்கள். ஆர்எஸ்-485 குறைந்த வேகத்தில் ஏறத்தாழ 1200 மீட்டர் வரை செல்லக்கூடியது, இரைச்சலைத் தாங்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டது.

இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே அடக்குவதுதான் சிறந்தது. நேர்மின்னோட்டச் சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு, மாறுமின்னோட்டச் சுருளுக்குக் குறுக்கே மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த ஸ்னப்பர் போட வேண்டும். மேலே சொன்ன என் சூடாக்கிப் பழுது, காண்டாக்டர் சுருளில் ஸ்னப்பர் வைத்த அன்றே தீர்ந்தது. மின்கம்பிகளோடு இணையாக ஓடும் யூஎஸ்பி கேபிளைத் தள்ளி வைத்து, குறுக்கே கடந்தே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கச் செய்யுங்கள். ஃபெரைட் வளையம் (இரைச்சலை அடக்கும் காந்தப்பொருள் வளையம்) ஓரளவு உதவும், கேபிளை அதனுள் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் கூடுதலாக உதவும்.

மடிக்கணினியில் செய்யக்கூடிய ஓர் அருமையான சோதனை உண்டு. சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓடவிடுங்கள். துண்டிப்பு நின்றுவிட்டால், சார்ஜரின் தரைக்கம்பிக்கும் சாதனத்தின் தரைக்கம்பிக்கும் இடையே மின்னோட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது பெரும்பாலும் உறுதி. அதற்குச் சரியான மருந்து, இரு பக்கங்களின் மின்தொடர்பை அறுத்துத் தரவை மட்டும் கடத்தும் யூஎஸ்பி தனிமைப்படுத்தி. ஏடியூஎம்4160 சில்லைக் கொண்ட தனிமைப்படுத்திகள் 12 மெகாபிட் வேகத்தில் வேலை செய்யும். சீரியல் மாற்றிகளில் பெரும்பாலானவைக்கு அந்த வேகமே போதும்.

மின்சேமிப்பு

சாதனம் சும்மா இருந்த சிறிது நேரத்துக்குப் பிறகே துண்டிப்பு நிகழ்கிறது, தொடர்ந்து தரவு ஓடும்போது நிகழ்வதில்லை என்றால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். விண்டோஸில் பவர் திட்டத்தின் மேம்பட்ட அமைப்புகளில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை முடக்குங்கள். அத்துடன் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரத்தைச் சேமிக்கச் சாதனத்தை நிறுத்தக் கணினிக்கு அனுமதி தரும் குறியையும் நீக்குங்கள். லினக்ஸில் டிஎல்பி, பவர்டாப் போன்ற கருவிகள் யூஎஸ்பி சாதனங்களைத் தானாக உறங்கவைக்கும்படி மாற்றிவிடுவது உண்டு; அந்தச் சாதனத்தின் பவர் கன்ட்ரோல் மதிப்பு ஆட்டோ என்றிருந்தால் ஆன் என்று மாற்றிப் பாருங்கள்.

போர்ட் இருக்கிறது, பேச்சு இல்லை

செருகிய முதல் சில நொடிகளில் மட்டும் குழப்பம் வந்து பிறகு சரியாகிறது என்றால், லினக்ஸில் மோடம்மேனேஜர் என்ற பின்னணிச் சேவையைப் பாருங்கள். புதிய சீரியல் போர்ட்டைக் கண்டதும் அது மோடமாக இருக்குமோ என்று கட்டளைகளை அனுப்பிச் சோதிக்கும். உபுண்டு 22.04-இல் பலரைத் திணறடித்த இன்னொன்று பிஆர்எல்டிடிஒய், பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைகளை இயக்கும் மென்பொருள். யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிஹெச்340 சில்லின் அடையாள எண்ணான 1ஏ86:7523 என்பதைப் பிரெய்ல் கருவி என்று எண்ணி அது போர்ட்டைப் பறித்துக்கொண்டது. செருகியதும் தோன்றிய போர்ட் உடனே மறைந்தது. பிரெய்ல் திரை பயன்படுத்தாதவர்கள் அந்தத் தொகுப்பை நீக்கினாலே தீரும். விண்டோஸில் இதற்கு ஈடான பழைய சிக்கல், ஜிபிஎஸ் கருவி இணைக்கப்பட்ட கணம் முதலே தரவை அனுப்புவதால் அதைச் சீரியல் மவுஸ் என்று இயங்குதளம் நம்பிவிடுவது. சுட்டி திரையில் பேய் பிடித்ததுபோல ஓடும். மாற்றிச் சில்லுகள் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவரில், போர்ட் அமைப்புகளில் சீரியல் எனுமரேட்டர் குறியை நீக்கினால் போதும்.

போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் பலகை மீண்டும் தொடங்குவது பழுதே அல்ல. ஆர்டுயினோ உனோ போன்ற பலகைகளில் போர்ட் திறக்கப்பட்டதை அறிவிக்கும் டிடிஆர் கம்பி ரீசெட்டோடு இணைக்கப்பட்டிருக்கிறது. மென்பொருள் போர்ட்டைத் திறந்ததும் இரண்டு நொடி காத்திருந்து பிறகு பேசினால் சரியாகிவிடும்.

எழுத்துகள் சிதைந்து வந்தால் வேகத்தைச் சரிபாருங்கள். இரு முனைகளும் 115200 என்றே வைத்திருந்தாலும் உண்மையான வேகங்கள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடும் ஏடிமெகா நுண்கட்டுப்படுத்திச் சில்லால் அந்த வேகத்தைச் சரியாக உருவாக்க முடியாது. கிடைப்பது 117647, அதாவது 2.1 சதவீதப் பிழை. மறுமுனையிலும் எதிர்த்திசையில் சிறிது பிழை இருந்தால் வரம்பு தாண்டிவிடும். 250000 அல்லது 500000 என்ற வேகங்கள் அதே கடிகாரத்தில் துல்லியமாக வரும். தரவு சிதையாமல் இடையிடையே காணாமல் மட்டும் போகிறதென்றால் அளவைக் கணக்கிடுங்கள்: ஒரு பைட்டுக்கு 10 பிட் வீதம், 115200 வேகத்தில் நொடிக்கு 11520 பைட்டுக்கு மேல் போகாது.

கேள்வி அனுப்பி விடை வாங்கும் முறையில் காலக்கெடுப் பிழை வந்தால், எஃப்டிடிஐ சில்லுகளின் லேட்டன்சி டைமரைப் பாருங்கள். சிறிய தரவை உடனே அனுப்பாமல் 16 மில்லி விநாடி வரை தேக்கி வைப்பது அதன் இயல்பு. 10 மில்லி விநாடிக்குள் விடை வேண்டும் என்று எழுதப்பட்ட மென்பொருளுக்கு அது தொடர்பு அறுந்ததாகவே தோன்றும். மதிப்பை 1 ஆக்கினால் நிலைமை தெளியும். மாற்றியை மட்டும் தனியாகச் சோதிக்க விரும்பினால், சாதனத்தைக் கழற்றிவிட்டு மாற்றியின் டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (பெறும்) முனைகளை ஒரு கம்பியால் இணைத்து, அனுப்பியது அப்படியே திரும்பி வருகிறதா என்று ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். பிழை இல்லாமல் வந்தால் கணினி, கேபிள், டிரைவர், மாற்றி எல்லாம் சந்தேகத்திலிருந்து பெரும்பாலும் விடுபடும்.

டிரைவரே காரணமாகும் சந்தர்ப்பங்களும் உண்டு, அவற்றில் போலிச் சில்லுகளுக்கு முக்கிய இடம். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலிச் சில்லுகளின் தயாரிப்பு எண்ணை 0000 என்று மாற்றிவிட, அவை எந்தக் கணினியிலும் அறியப்படாமல் போயின. ப்ராலிஃபிக் நிறுவனத்தின் புதிய டிரைவர்கள் பழைய பிஎல்2303 சில்லுகளையும் போலிகளையும் ஏற்க மறுத்துக் கோட் 10 பிழையைக் காட்டுகின்றன. நேற்று வரை ஓடியது ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு முழுவதுமாக நின்றது என்றால் இந்தத் திசையில் தேடுவது நியாயம். வேறு வேளைகளில் டிரைவரைக் கடைசியில் தொடுங்கள்.

பெயரும் மறுஇணைப்பும்

அறுந்து ஒட்டிய பிறகு போர்ட்டின் பெயர் மாறினாலும் மென்பொருள் தடுமாறாமல் இருக்க, லினக்ஸில் சீரியல் கோப்புறைக்குள் இருக்கும் பை-ஐடி பெயரை (சாதனத்தின் வரிசை எண்ணைக் கொண்டு அமையும் மாறாத பெயரை) பயன்படுத்துங்கள். ஒரே மாதிரி இரண்டு மாற்றிகளைச் செருகும்போது கவனம் தேவை. சிபி2102 மாற்றிகளில் வரிசை எண் பல நேரம் 0001 என்றே இருக்கும், சிஹெச்340ஜி சில்லில் வரிசை எண்ணே கிடையாது. அங்கே எந்தப் போர்ட்டில் செருகப்பட்டது என்பதைக் கொண்டு அடையாளம் காணும் பை-பாத் பெயர்தான் நம்பகமானது. வரிசை எண் இல்லாத காரணத்தால்தான் விண்டோஸிலும் வேறு போர்ட்டுக்கு மாற்றிச் செருகும்போது காம் எண் (விண்டோஸ் சீரியல் போர்ட்டுக்குத் தரும் எண்) மாறிவிடுகிறது. உங்கள் நிரலில், படிக்கும்போது பிழை வந்தால் போர்ட்டை முறையாக மூடி, ஒரு நொடி விட்டு, பெயரைப் புதிதாகத் தேடித் திறக்கும் பகுதி கட்டாயம் இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு மறுஇணைப்பையும் நேரத்தோடு பதிவு செய்யாமல் அதை எழுதாதீர்கள். இல்லையென்றால் நோயை மறைக்கும் வலி மாத்திரையாகவே அது முடியும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு போதுமான நேரம் காத்திருங்கள். சராசரியாக 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அறுந்த இணைப்பு ஒரு மணி நேரம் அறாமல் இருந்ததில் எந்தப் பொருளும் இல்லை. அறுதல் ஒழுங்கின்றி நிகழ்வதாக வைத்துக்கொண்டால், சராசரி இடைவெளியின் மூன்று மடங்கு நேரம், அதாவது 9 மணி நேரம் அறாமல் ஓடினால், அது தற்செயலாக நேர்ந்திருக்க ஏறத்தாழ 5 சதவீத வாய்ப்பே உண்டு. அதன் பிறகும் ஒரு படி இருக்கிறது. நீக்கிய பழைய கேபிளையோ பழைய அமைப்பையோ திரும்பக் கொண்டுவந்து, பழுதும் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் காரணம் அதுவேதான். கேபிளாக இருந்தால் அதன் செருகியை அப்போதே வெட்டிப் போட்டுவிடுங்கள், இழுப்பறைக்குள் வைத்தால் அடுத்த மாதம் வேறொரு சாதனத்தோடு அதே கேபிள் மேசைக்கு வந்துவிடும்.